றங்குப்பெட்டிக்குள் இருக்கும் துணிகள்: காணாமல் ஆக்கப்பட்டோரைத் தைத்து வைத்த பெண்கள்

2009 பெப்ரவரியில் ஒருநாள் அம்மா தன் கூறைச்சீலையை வெட்டினார். பங்கர் வாசலுக்கு மண்மூடை போதவில்லை. உரப்பைகள் முடிந்து, நூல்சீலைகள் முடிந்து, கடைசியில் கூறைக்கு வந்திருந்தோம். அம்மா வெட்டித் தர, நான் மடித்துக் கையால் தைத்தேன். அண்ணா மண் நிரப்பினான். ஒரு சீலையில் பத்து மூடை வந்தது. வன்னியில் அந்த மாதங்களில் இருந்த எவருக்கும் இது புதுக்கதை அல்ல. சரிகைக் கரையோடு வெயிலில் மின்னிக்கொண்டிருந்த மண்மூடைகளை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

அந்த மே மாதத்தில் அண்ணா இல்லாமற் போனான். அவனுடைய நீலக்கோட்டுச் சேர்ட் ஒன்று மட்டும் எங்கள் பையில் இருந்தது. அது மெனிக் பாமுக்கு வந்தது, பிறகு வீட்டுக்கு வந்தது. இன்றுவரை அம்மாவின் றங்குப்பெட்டியில் வேப்பிலைக்குள் இருக்கிறது.

பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கை படித்த காலத்தில், ஒரு விரிவுரையில் சில படங்கள் காட்டினார்கள். சாக்குத்துணியில் சிறிய துணிப்பொம்மைகள், பின்னால் மலை, மேலே சூரியன். முதலில் பிள்ளைகளின் கைவேலை என்றுதான் நினைத்தேன். உற்றுப் பார்த்தபோது அந்தப் பொம்மைகள் கையில் படங்களைப் பிடித்தபடி ஒரு கட்டடத்தின் முன்னால் நின்றன. அவர்கள் எங்கே என்று கேட்கும் பதாகை ஒன்று. கிளிநொச்சியில் கந்தசுவாமி கோயில் முன்றலில் 2017 பெப்ரவரி 20 அன்று தொடங்கிய போராட்டத்தில் அம்மாவோடு போய் இருந்தபோது அந்தப் படம்தான் நினைவுக்கு வந்தது. அதே வரிசை, அதே படங்கள், அதே கேள்வி. அதன் பிறகு இந்தத் துணிகளைத் தேடி வாசிக்கத் தொடங்கினேன். நான் அறிந்துகொண்டவற்றை, றங்குப்பெட்டி வைத்திருக்கும் மற்ற வீடுகளுக்காக இங்கே தொகுக்கிறேன்.

சிலியின் சாக்குத்துணி

தென்னமெரிக்க நாடான சிலியில் 1973 செப்டெம்பர் 11 அன்று ஜெனரல் பினோச்சே தலைமையிலான இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. தேர்தலில் தெரிவான ஜனாதிபதி அயெந்தே அன்றே இறந்தார். 1990 மார்ச் வரை நீடித்த அந்த ஆட்சியில் 3000க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள் அல்லது காணாமல் ஆக்கப்பட்டார்கள். பல்லாயிரக்கணக்கானோர் சித்திரவதைக்கு உள்ளானார்கள்.

கைதானவர்களைத் தேடி மனைவிமாரும் தாய்மாரும் பொலிஸ் நிலையம், சிறைச்சாலை, பிரேத அறை என்று அலைந்தார்கள். அப்படி ஒருவரைத் தாங்கள் பிடிக்கவே இல்லை என்பதுதான் அவர்களுக்குக் கிடைத்த பதில். உழைத்த ஆண் வீட்டில் இல்லை. ‘அவன் குடும்பம்’ என்று தெரிந்தால் வேலையும் கிடைக்காது. இந்தப் பெண்களுக்குத் துணையாகத் தேவாலயங்கள் சேர்ந்து ஒரு குழுவை அமைத்தன. அரசின் அழுத்தத்தால் அது மூடப்பட்டதும், 1976இல் கர்தினால் சில்வா என்ரிக்கெஸ் கத்தோலிக்கத் திருச்சபையின் கீழ் ‘ஒருமைப்பாட்டுப் பணியகம்’ ஒன்றைத் தொடங்கினார். இவற்றின் நிழலில், தலைநகர் சந்தியாகோவில் பெண்கள் கூடித் தைக்கும் பட்டறைகள் உருவாகின.

அவர்கள் தைத்ததற்கு ‘ஆர்ப்பியேரா’ என்று பெயர். ஸ்பானிய மொழியில் இதன் பொருள் சாக்குத்துணி. மாச்சாக்கைத் தோய்த்து, காயவைத்து, அளவாக வெட்டிய துண்டுதான் அடித்தளம். சாக்கில் படம் தைப்பது சிலிக்கு முற்றிலும் புதிதல்ல. புகழ்பெற்ற பாடகி வியோலெத்தா பார்ரா நோயுற்றுப் படுக்கையில் இருந்த காலத்தில் சாக்குத்துணியில் தைக்கத் தொடங்கினார். 1964இல் பரிஸ் லூவ்ர் மாளிகையிலுள்ள அலங்காரக் கலைகளின் அருங்காட்சியகத்தில் அவருடைய துணிகள் காட்சிக்கு வைக்கப்பட்டன. ஆனால் 1973க்குப் பிறகு தைத்த பெண்கள் அருங்காட்சியகத்தை நினைத்துத் தைக்கவில்லை. பிள்ளைக்குச் சோறு வேண்டும், நடந்ததைச் சொல்லவும் வேண்டும். இரண்டுக்கும் கையில் இருந்தது ஊசி.

ஒரு துணிக்குள் என்ன இருந்தது?

பின்னணியில் பெரும்பாலும் அந்தீஸ் மலை. சந்தியாகோவில் எங்கு நின்றாலும் தெரியும் மலை அது. இந்தக் கதை எந்த ஊரில் நடந்தது என்பதை மலையே சொல்லிவிடும். முன்னால் பொதுச் சமையலறைகள், தண்ணீர் வெட்டப்பட்ட குடியிருப்புகள், வேலையற்றோர் வரிசை, வீட்டுக்குள் புகுந்து ஆளை இழுத்துச் செல்லும் படையினர், நீதிமன்றத்தின் முன் நிற்கும் தாய்மார். மனிதர்களைச் சிறு பொம்மைகளாகத் தைத்துத் துணியின் மேல் பொருத்தினார்கள். பொம்மைகளுக்கு உடுப்பு, இருந்த துணிகளிலிருந்து வந்தது. சிலர் காணாமல் ஆக்கப்பட்டவரின் உடுப்பிலிருந்தே ஒரு துண்டை எடுத்தார்கள். சிலர் தமது தலைமுடியைப் பொம்மைக்கு வைத்துத் தைத்தார்கள். சில துணிகளின் பின்புறத்தில் ஒரு சிறிய சட்டைப்பை இருக்கும். அதற்குள் ஒரு கடதாசித் துண்டில், படத்தில் இருப்பது என்னவென்று கையால் எழுதியிருப்பார்கள்.

திருச்சபை இவற்றை வாங்கி இரகசியமாக வெளிநாடுகளுக்கு அனுப்பியது. நாடுகடந்து வாழ்ந்த சிலி மக்களும் மனித உரிமை அமைப்புகளும் அவற்றை விற்றுப் பணத்தைத் திருப்பி அனுப்பினார்கள். பத்திரிகைத் தணிக்கை இருந்த நாட்டிலிருந்து செய்தி இப்படித் துணியில் வெளியே போனது. ஆரம்பத்தில் பெண்களின் தையல்தானே என்று அதிகாரிகள் பெரிதாகப் பார்க்கவில்லை. விஷயம் புரிந்தபோது, அரச சார்புப் பத்திரிகைகள் இவை நாட்டுக்கு அவதூறு செய்யும் துணிகள் என்று தாக்கின.

ஊடகம் படித்தவள் என்ற வகையில் எனக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. செய்தியாளர் போக முடியாத இடத்தில் அந்த இடத்தில் இருப்பவரே ஆவணக்காரர் ஆகிறார். சந்தியாகோவில் 2010இல் திறக்கப்பட்ட நினைவு மற்றும் மனித உரிமைகள் அருங்காட்சியகத்தில் இன்று ஆர்ப்பியேராக்கள் சாட்சியங்களாகப் பாதுகாக்கப்படுகின்றன. சிலியில் பிறந்து வட அயர்லாந்தில் வாழும் ரொபேர்த்தா பாசிச் என்ற காட்சியமைப்பாளர், 2008இல் டெரி நகரில் பல நாடுகளின் போர்க்காலத் துணிகளை ஒன்றுசேர்த்துக் காட்சிப்படுத்தினார். அந்த முயற்சி இன்று ‘மோதல் காலத் துணிகள்’ என்ற பெரிய சேகரிப்பாக வளர்ந்திருக்கிறது.

ஆனால் ஒன்றையும் மறைக்கக்கூடாது. துணி எவரையும் திருப்பிக் கொண்டுவரவில்லை. ஆட்சி மாறிப் பல பத்தாண்டுகள் கடந்து, 2023 ஓகஸ்டில்தான் சிலி அரசு காணாமல் ஆக்கப்பட்டோரைத் தேடுவதற்கான தேசியத் திட்டம் ஒன்றை அறிவித்தது. அதற்குள் தைத்த கைகள் பல இறந்துபோயின.

‘எனக்குக் கலை தெரியாது’ என்றவர்கள்

துணிக்கலை பற்றிய நூல்களைத் திறந்தால் ‘குயில்ட்’ என்ற சொல் வரும். மேலே ஒரு துணி, நடுவில் பஞ்சு அல்லது பழந்துணி, கீழே ஒரு துணி. மூன்றையும் சேர்த்து ஊடுருவித் தைத்த போர்வை அது. கட்டிலுக்கு அல்லாமல் சுவரில் மாட்டிப் பார்ப்பதற்காகச் செய்தால் கலைக்குயில்ட். வங்காளத்தின் ‘காந்தா’வும் இதே குடும்பம்தான். பழைய சீலைகளை அடுக்கி, சீலைக்கரையிலிருந்து உருவிய நூலாலேயே தைப்பார்கள். பழஞ்சீலையை ஏணை கட்டவும் பிள்ளைக்கு விரிக்கவும் வைத்திருந்த எங்கள் அம்மம்மாமாருக்கு இது அந்நியமாக இருந்திருக்காது.

இந்தக் கலையில் நினைவில் நிற்கும் பலர் தங்களைக் கலைஞர் என்று நினைத்துத் தொடங்கியவர்கள் அல்ல.

எஸ்தர் நிசென்தால் கிரினிட்ஸ் போலந்தில் ஒரு கிராமத்தில் பிறந்த யூதப் பெண். 1942 ஒக்டோபரில் ஊர் யூதர்கள் எல்லோரையும் புகையிரத நிலையத்துக்கு வரும்படி நாசிகள் கட்டளையிட்டார்கள். அவருக்கு வயது 15. அவரும் தங்கையும் குடும்பத்திலிருந்து பிரிந்து, வேறு பெயர்களில் ஒளிந்து பிழைத்தார்கள். மற்றவர்களை அவர்கள் பிறகு காணவில்லை. அமெரிக்காவுக்குக் குடியேறிய எஸ்தர் உடுப்புத் தைப்பவர். ஓவியம் படித்தவர் அல்ல. 1977இல், 50 வயதில், தான் பிறந்த வீடு எப்படி இருந்தது என்று மகள்மாருக்குக் காட்டுவதற்காக ஒரு துணியில் தைத்தார். பின்னர் தொடர்ந்து தைத்து, 2001இல் இறக்கும்போது 36 துணிப்படங்களை விட்டுச் சென்றார். அவற்றில் பூத்த வயலும் இருக்கிறது, தேன்கூடும் இருக்கிறது, துவக்கோடு நிற்கும் படையினரும் இருக்கிறார்கள்.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்ற ஊர் இருக்கிறது. அடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்த மக்கள் வாழும் இடம். அங்கே மிஸ்ஸூரி பெட்வே என்ற பெண், 1942இல் கணவர் இறந்ததும் அவருடைய வேலை உடுப்புகளை வெட்டி ஒரு போர்வை தைத்தார். அவரை நினைத்துக்கொண்டு அதைப் போர்த்திப் படுப்பதற்காக. வெளிறிய நீலமும் பழுப்புமாக இருக்கும் அந்தப் போர்வை, 60 ஆண்டுகள் கழித்து அந்த ஊர்ப் பெண்களின் போர்வைகளோடு அமெரிக்காவின் பெரிய அருங்காட்சியகங்களில் தொங்கியது.

லாவோஸ் நாட்டு மொங் இன மக்கள் 1975க்குப் பிறகு மீகொங் ஆற்றைக் கடந்து தாய்லாந்து அகதி முகாம்களுக்கு ஓடினார்கள். வேறு வேலையில்லாத முகாமில் அவர்களுடைய பாரம்பரியப் பூவேலை கதைத்துணியாக மாறியது. குண்டு போடும் விமானம், காட்டு வழி, ஆற்றைக் கடக்கும் குடும்பம் எல்லாம் ஒரே துணியில் வரிசையாக வந்தன. விற்றுக் கிடைத்த பணம் முகாம் செலவுக்கு உதவியது.

எங்கள் நாட்டிலும் இந்த வழியில் நடப்பவர்கள் இருக்கிறார்கள். கண்டியில் பிறந்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நுண்கலை பயின்ற ஹேமா ஷிரோனி, துணியும் நூலும் கொண்டு வீடு, இடம்பெயர்வு பற்றிய படைப்புகளைச் செய்து வருகிறார்.

என்ன தைப்பது?

தைக்கத் தெரிந்த பெண்கள் எங்கள் ஊர்களில் நிறையப் பேர். யுத்தத்துக்குப் பிறகு நிறுவனங்கள் மெஷின் தந்தன, பயிற்சி தந்தன, பை தைக்கச் சொன்னன. திட்டம் முடிந்ததும் ஓடரும் முடிந்தது. எங்கள் ஒழுங்கையில் மட்டும் மூன்று மெஷின் மூடிக்கிடக்கிறது. ஆனால் ‘உங்கட கதையைத் தையுங்கோ’ என்று சொன்னால், என்ன தைப்பது என்ற கேள்விதான் முதலில் வரும்.

மேலே சொன்னவர்களைப் பார்த்தால் அவர்கள் எதையும் காத்திருந்து தொடங்கவில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு பிடி இருந்தது. எஸ்தருக்கு ஓர் இடம்: பிறந்த வீடு. மிஸ்ஸூரிக்கு ஒரு பொருள்: கணவரின் உடுப்பு. சிலிப் பெண்களுக்கு ஒரு நாள்: அவர்கள் வந்து கூட்டிப்போன நாள். இன்னொரு பிடியும் உண்டு. அது அளவு. 1980களில் எயிட்ஸ் நோயால் இறந்தோருக்காக சான் பிரான்சிஸ்கோவில் கிளீவ் ஜோன்ஸ் தொடங்கிய நினைவுக் குயில்டில் ஒவ்வொரு துண்டும் 6 அடிக்கு 3 அடி. ஒரு புதைகுழியின் அளவு. 1987இல் வொஷிங்டனில் முதன்முதலில் விரித்தபோது 1920 துண்டுகள் இருந்தன. இன்று ஏறத்தாழ 50,000. செத்தவீடு வைக்கவே ஆட்கள் தயங்கிய காலத்தில், அந்த அளவே பேசவேண்டியதைப் பேசியது.

ஆகவே இடம், பொருள், நாள், அளவு. இந்த நான்கில் ஒன்றைப் பிடித்தால் போதும். பங்கரின் வாசல் அளவு எங்களுக்கு இன்னும் கையில் நிற்கிறது.

தொடங்குவது எப்படி?

முதல் துணி சிறிதாக இருக்கட்டும். 12 அங்குலத்துக்கு 16 அங்குலம் போதும். அடித்தளத்துக்குச் சாக்கு, தடித்த பருத்தி, பழைய சாறம் எதுவும் சரி. எல்லாத் துணியையும் முதலில் தோய்த்து நிழலில் காயவையுங்கள். சிவப்பும் கருநீலமும் சாயம் விட்டால் முழு வேலையும் கெட்டுவிடும்.

கடதாசியில் பென்சிலால் படத்தைக் கீறுங்கள். வடிவாக வரவேண்டியதில்லை. வானம், நிலம், கடல் போன்ற பெரிய துண்டுகளை முதலில் வையுங்கள். பிறகு மரம், வீடு. கடைசியில் மனிதர். ஒவ்வொரு துண்டையும் வேண்டிய அளவைவிடக் கால் அங்குலம் கூட்டி வெட்டி, ஓரத்தை உள்ளே மடித்து, குண்டூசி குத்தி, ஓரத்தோடு நெருக்கமாகத் தையுங்கள். பனையின் கருக்கு, கம்பி வேலி, முகம் போன்ற மெல்லிய கோடுகளுக்குப் பூவேலை நூலில் சங்கிலித் தையல் பொருந்தும். பொம்மை வேண்டுமானால் இரண்டு அங்குல உயரத்தில் தைத்துப் பஞ்சு அடைத்துப் பொருத்தலாம். முடிவில் பின்னால் ஒரு துணி கொடுத்து, இரண்டையும் சேர்த்து நூலோடி, விளிம்பை மடித்து அடையுங்கள்.

பின்புறத்தில் ஊர், திகதி, படத்தில் இருப்பது என்ன என்பதைத் துணியில் எழுதித் தைத்துவிடுங்கள். இருபது வருடம் கழித்துப் பார்க்கிற பேரப்பிள்ளைக்கு அதுதான் வழிகாட்டி. பெயர் போடுவதா என்பதை வீட்டார் சேர்ந்து முடிவெடுங்கள். மற்றவர் கதையை அவரிடம் கேட்காமல் தைக்கவேண்டாம். முடிந்ததும் படம் எடுத்து வையுங்கள். துணியை மடித்தால் மடிப்பில் இற்றுப்போகும். சுருட்டி, வெள்ளைப் பருத்தித் துணியால் சுற்றி வையுங்கள். பிளாஸ்ரிக் பையில் ஈரம் பிடிக்கும். யாராவது காட்சிக்கு அல்லது விற்பனைக்குக் கேட்டால், துணி யாருக்குச் சொந்தம், திரும்ப வருமா, காசு எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்குங்கள். கதையைக் கொடுத்துவிட்டுக் கையைப் பிசைந்த அனுபவம் எங்கள் ஊர்களுக்கு உண்டு.

தைக்கும்போது நெஞ்சு அடைத்தால் ஊசியை வைத்துவிடுங்கள். தனியாகத் தைப்பதைவிட மூன்று நான்கு பேராகக் கூடியிருந்து தைப்பது நல்லது. சிலியில் பட்டறைகள் நிலைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். தையல் நடந்துகொண்டிருக்கும்போது, கேட்கப்படாத கதைகளும் வெளியே வந்தன.

வெட்டுவதா, விடுவதா?

இதையெல்லாம் வாசித்த வேகத்தில் போன வருடம் அம்மாவிடம் சொன்னேன். அண்ணாவின் சேர்ட்டிலிருந்து ஒரு துண்டு எடுத்து நாங்களும் ஒன்று தைப்போம் என்று. அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

“கூறையை வெட்டினன் பிள்ளை. உயிர் தப்ப வெட்டினன். இதை வெட்டினா அவன் வரமாட்டான் எண்டு நானே ஒத்துக்கொண்ட மாதிரி.”

மிஸ்ஸூரி பெட்வேக்குத் தன் கணவர் இறந்தது தெரியும். அவர் உடுப்பை வெட்டினார். என் அம்மாவுக்கு எவரும் எதையும் சொல்லவில்லை. மரண அத்தாட்சிப் பத்திரம் எடுங்கள் என்று வந்தவர்களிடமும் அம்மா இதைத்தான் சொன்னார். சிலியில் வெட்டிய தாய்மாரும் இருந்தார்கள், வெட்டாமல் கடைத்துண்டில் தைத்தவர்களும் இருந்தார்கள். அந்தத் துணிகளை வாசித்தபோது நான் கவனிக்காமல் விட்டது இந்த வேறுபாட்டைத்தான். எந்தத் துணியில் கத்தரிக்கோல் படலாம் என்பதைத் தீர்மானிக்க வேண்டியவர் அதை வைத்திருப்பவர் மட்டுமே. பயிற்சி தர வருபவரோ, காட்சி வைப்பவரோ, என்னைப் போல எழுத வருபவரோ அல்ல.

அதன் பிறகு நான் கேட்கவில்லை. நான் மட்டும் ஒரு மாச்சாக்கை வெட்டி, பங்கர் வாசலைத் தைக்கத் தொடங்கினேன். மூடைகளுக்கு அம்மாவின் பழைய நூல்சீலைத் துண்டுகள். கூறை மூடைக்குச் சிவப்புத் துணி தேடித் தையல்கடையில் வெட்டுத்துண்டு வாங்கினேன். அம்மா பக்கத்தில் இருந்து பார்ப்பார். “மூடை இப்பிடி நிமிர்ந்து நிக்காது, சரிஞ்சுதான் நிக்கும்” என்பார். ஒருநாள் ஊசியை வாங்கி ஒரு மூடையைத் தானே தைத்தார். பிறகு தென்னை. பிறகு, மண் அள்ளுகிற ஒரு பையன். அவனுக்கு உடுப்பு, நீலக்கோட்டுத் துணி கிடைக்காமல், வெள்ளையில் நீல நூலால் அம்மாவே கோடு இழுத்தார்.

கடைசியில் பின்புறத்தில் சிறிய சட்டைப்பை ஒன்று தைத்தோம். சிலிக்காரர் கடதாசி வைத்த இடம் இது என்று சொன்னேன். அம்மா எழும்பிப் போய் றங்குப்பெட்டியைத் திறந்தார். சேர்ட்டின் கீழ்த் தெறி ஒன்றைப் பல்லால் நூலைக் கடித்துக் கழற்றி எடுத்து வந்து அந்தப் பைக்குள் போட்டார்.

“தெறி எடுக்கலாம்,” என்றார். “வந்தானெண்டா திருப்பித் தைச்சுக் குடுக்கலாம்.”